வேலன் ஆடலும் தோழி நகையும்

வானில் நிகழ்வது யாது, மாந்தன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்று உரைக்கும் உரிமை எவர்க்கு உரியது? உலகின் பழஞ்சமயங்கள் பலவும் அவ்வுரிமை தமக்கே உரியதென்று முழங்கி வந்தன. வானம் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. உள்ளம் கண்ணுக்குப் புலனாகாத ஆழத்தில் உள்ளது. எட்டாததைப் பற்றியும் புலனாகாததைப் பற்றியும் எவன் எதைச் சொன்னாலும், 'அஃது அவ்வாறன்று' என்று சான்றுகாட்டி உடனே மறுக்க ஆள் கிடைப்பது அரிது. ஆகவே அவ்விரு நிலங்களையும் பூசாரியர் தமக்கென வேலியிட்டு வளைத்துக்கொண்டனர். வானத்து வேலி பெரும்பாலும் சாய்ந்துவிட்டது. உள்ளத்து வேலி இன்னும் சாயவில்லை. அவ்வேலிக்குள் அகப்பட்டு நம் மக்களுட் பலர் வாழ்விழக்கின்றனர்; சிலர் உயிரையும் இழந்தனர். இக்கட்டுரை எழுதப்படுவது அதன் பொருட்டே.

வானத்துப் பாம்பு

கி.பி. 499-ஆம் ஆண்டை ஒட்டித் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர், கதிரவனை மறைப்பது நிலவே என்றும், நிலவை மறைப்பது ஞாலத்தின் பெருநிழலே என்றும் தெளிவாக எழுதினார். ஓடத்திற் செல்பவனுக்குக் கரைமரங்கள் பின்னோக்கி ஓடுவனபோல் தோன்றுவதையொப்ப, ஞாலம் சுழல்வதனாலேயே விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வனபோல் தோன்றுகின்றன என்றும் கூறினார். அவர்க்குப் பின்வந்த வராகமிகிரரும் மறைப்புக்குக் கரணியம் நிழலே என்றார். கரும்பாம்பும் செம்பாம்பும் அங்கே வாய்பிளந்து நிற்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கி.பி. 628-இல் பிரமகுத்தர் என்னும் பெருங்கணக்கர் ஒரு நூல் எழுதினார். மறைப்பின் நேரத்தை நிழற்கணக்கால் கணிக்கும் முறை அவர்க்கு நன்கு தெரியும். தம் நூலில் அதனை அவரே வகுத்தும் காட்டினார். ஆயினும் அதே நூலில், மறைப்புக்கு இராகுவின் தலை கரணியமன்று என்போரைப் பழித்தார். வேதமும் அறநூல்களும் அவ்வாறு கூறியிருக்க, அதை மறுப்பது தகாது என்பதே அவர் காட்டிய ஏது. கணக்கு நிழலைச் சொன்னது. வாய் பாம்பைச் சொன்னது. ஏறத்தாழ கி.பி. 1030-இல் இந்நாட்டைப் பற்றி அரபு மொழியில் பெருநூல் யாத்த அல்பிரூனி இம்முரண்பாட்டைக் கண்டு திகைத்தார். இத்துணை அறிவுடைய ஒருவர், முப்பதே அகவையில் இத்தகைய நூல் செய்தவர், தம் மனச்சான்றுக்கு மாறாக இவ்வாறு எழுதினாராயின், சாக்கிரட்டீசுக்கு நேர்ந்தது போன்ற ஏதோவோர் இடர் அவரை அவ்வாறு எழுதச் செய்திருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார்.

சமயத்தின் ஆணை அறிவுக்கு இழைக்கும் கேட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. அறியாதவனை அறியாமையில் வைத்திருப்பது ஒரு கேடு. அறிந்தவனையே அறியாதவன்போல் பேசவைப்பது அதனினும் பெருங்கேடு. ஆரியபட்டரின் ஞாலச்சுழற்சிக் கருத்துக்கும், பின்வந்த உரைகாரர் வேறுபொருள் கற்பித்து அதனை மழுக்கினர். இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயுமன்று. 1633-இல் கலிலியோவை மண்டியிடச் செய்த உரோமைத் திருச்சபை, அவர்க்கு இழைத்தது பிழையே என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 வரை 359 ஆண்டுகள் சென்றன.

ஆரியபட்டர் வடவர், அவரை நாம் ஏன் எடுத்தோதுதல் வேண்டும் என்று நம்முள் ஒருவர் வினவலாம். மெய்ம்மைக்கு மொழிவேலி இல்லை. எவர் வாய்க் கேட்டாலும் அப்பொருளின் மெய்யைக் காண்பதே அறிவு என்று வரையறுத்த வள்ளுவரின் வழிவந்தோர், கூறியவன் எந்நாட்டான் என்று பார்த்துக் கொள்வதும் தள்ளுவதும் கூடா.

இன்றோ நிலைமை எவ்வாறுள்ளது? 2019 திசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் கதிரவன் நெருப்பு வளையமாய்த் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் தக்க கண்காப்புக் கண்ணாடிகளோடு அதனைக் கண்டு களித்தனர். அதே நாளில் பல கோயில்களின் நடை சாத்தப்பட்டது. பல வீடுகளில் சூலுற்ற பெண்டிர் கதவடைத்து உள்ளே வைக்கப்பட்டனர். அடுத்துள்ள கருநாடக மாநிலத்துக் கலபுரகி மாவட்டத்துச் சிற்றூரொன்றில், உடற்குறையுள்ள சிறார்களைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து வைத்தனர். மறைப்பின்போது அவ்வாறு செய்யின் குறை நீங்கும் என்று பெற்றோர் நம்பினர். வானத்தைப் பற்றிய ஒரு பொய், ஞாலத்தில் ஒரு குழந்தையின் கழுத்துவரை வந்து நின்றது.

ஈண்டுச் சொல்லொன்றை நோக்குவோம். 'கிரகணம்' என்னும் வடசொல்லுக்குப் 'பற்றுகை' என்பது பொருள். பற்றுவது எது என்ற வினா அச்சொல்லுக்குள்ளேயே பாம்பைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றது. நம் 'மறைப்பு' என்னும் சொல்லோ நிகழ்ந்ததை மட்டும் கூறி நிற்கின்றது. தூய சொல்லைக் கொள்வதில் இத்தகைய ஊதியமும் உண்டு. ஆயினும் நேர்மையாக ஒன்றை ஒப்புதல் வேண்டும். திங்களைப் பாம்பு கொண்டது என்னும் வழக்கு நம் பழம்பாடல்களிலும் உண்டு, குறளிலும் உண்டு. அங்கே அஃது ஊரறிந்த அலருக்கு உவமையாக நின்றதேயன்றி, நடையைச் சாத்தச் சொல்லும் கட்டளையாக நிற்கவில்லை. உவமை உவமையாக இருக்கும்வரை அழகு. அது சட்டமாகும்போது அடிமைத்தனம்.

2031 மே 21 அன்று தென்றமிழ்நாட்டில் மீண்டும் வளைய மறைப்புத் தோன்றும் என்று இன்றே கூற இயல்கின்றது. எந்தப் பாம்பும் தன் பசியை இத்துணை ஆண்டுக்குமுன் அறிவித்துவிட்டு வருவதில்லை.

உள்ளத்துப் பேய்

வானத்துப் பாம்பை நகைப்பவன்கூட, தன் மகள் நள்ளிரவில் எழுந்து பிதற்றினால் கோடாங்கியைத் தேடி ஓடுகின்றான். ஆனால் உள்ளத்து நோய்க்குப் பேயைக் கரணியமாகக் காட்டுவதை ஈராயிரம் ஆண்டுக்குமுன்பே நகைத்த இனம் நம் இனம் என்பதை அவன் அறிந்தானல்லன்.

கழகக் குறிஞ்சிப் பாடல்களில் வரும் வெறியாட்டைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். தலைவி உண்ணாள், உறங்காள், மேனி வாடினாள். தாய் அஞ்சுகின்றாள். கட்டுவிச்சி குறி பார்க்கின்றாள். வேலன் கழங்கு இட்டு, 'இது முருகு அணங்கியதால் வந்த நோய்' என்கின்றான். களம் இழைக்கப்படுகின்றது, மறியாடு அறுக்கப்படுகின்றது, வேலன் வெறியாடுகின்றான். தோழி மட்டும் நகைக்கின்றாள். நோயின் வேர் மலைநாடன்மேல் கொண்ட காதல் என்பது அவளுக்குத் தெரியும். ஐங்குறுநூற்றில் கபிலர் இப்பொருள்மேல் 'வெறிப்பத்து' என்று பத்துப் பாடல்களே யாத்தார். குறுந்தொகைத் தோழி ஒருத்தி, இவளை வாட்டிய தலைவனின் மார்பும் நீ இடும் பலியை உண்ணுமோ என்று வேலனையே மடக்குகின்றாள். நற்றிணைத் தோழி ஒருத்தி இன்னும் ஒருபடி மேலே சென்று, தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே, நீ கடவுளே ஆயினும் மடமையுடையை என்று இடித்துரைக்கின்றாள்.

எண்ணிப் பாருங்கள். தாய்க்குப் பட்டறிவு உண்டு; வேலனுக்கு ஊரின் மதிப்பு உண்டு; ஆட்டத்திற்கு மரபின் வலிமை உண்டு. தோழிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. நோயாளியோடு உடனிருந்து கண்ட உண்மை மட்டுமே உண்டு. புலவர்கள் நம்மை நிறுத்தியது தோழியின் பக்கத்தில் என்பது வெள்ளிடைமலை. திருக்குறள் 'மருந்து' அதிகாரமும் அவ்வழியதே. அதன் பத்துக் குறளிலும் பேயில்லை, அணங்கில்லை, கழுவாயில்லை. நோயையும் அதன் முதலையும் ஆராய்க என்னும் அறிவுரையே உண்டு.

கிரேக்க நாட்டிலும் ஏறத்தாழ கி.மு. 400-ஐ ஒட்டி இப்பாக்கிரட்டீசு மரபினர், 'திருநோய்' என்று வழங்கப்பட்ட வலிப்பைப் பற்றி ஒரு நூல் செய்தனர். அந்நோய் பிற நோய்களினும் கடவுட்டன்மை மிக்கதன்று. அதன் இருப்பிடம் மூளை. தம் அறியாமையை மறைத்தற்கே மாயம் ஓதுவோர் அதனைக் கடவுள்மேல் ஏற்றினர் என்று அந்நூல் வாதிடுகின்றது. மூளையிலிருந்து கொழுநீர் இறங்குவதால் வலிப்பு வருகின்றது என்று அந்நூலார் தந்த விளக்கம் பிழையானது. ஆயினும் அவர் வினவிய வினா சரியானது. சரியான வினாவே பின்னாளில் சரியான விடையைக் கொணர்ந்தது. 1924-இல் செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர் மாந்த மூளையின் மின்னலைகளை முதன்முதல் பதிவு செய்தார். வலிப்பின்போது மூளையணுக்கள் கட்டின்றி ஒருங்கே மின்னதிர்வு கொள்கின்றன என்பது அவ்வழியே தெளிவாயிற்று.

நம் ஊர்களில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தைக் காண்கின்றோம். இரும்பைக் கண்டு பேய் ஓடும் என்பது அதன் அடிக்கருத்து. பெரும்பாலான வலிப்பு ஓரிரு மணித்துளியில் தானே அடங்கிவிடும். அடங்கிய நேரத்தில் கையில் இருந்தது சாவி. ஆகவே புகழும் சாவிக்கே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பேயோட்டிகளின் வெற்றிகளுட் பெரும்பகுதி இத்தகைய பனம்பழமே. என் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி இவ்வாறே ஈராண்டுக் காலம் கயிறும் திருநீறுமாக ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டாள். அரசு மருத்துவமனை தந்த மாத்திரை அவள் வலிப்பைச் சில கிழமைகளில் அடக்கிற்று. இழந்த ஈராண்டுப் படிப்பை அம்மாத்திரையால் மீட்டுத்தர இயலவில்லை. முறையான மருந்து பெற்றால் வலிப்பாளருட் பத்தில் ஏழ்வர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகநல அமைப்புக் கூறுகின்றது.

வலிப்பு உடல்நோய், உள்ளநோய் வேறு என்பார் உளர். உள்ளமும் உடலைவிட்டுத் தனியே மிதப்பதன்று. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். அவர் பிறர் பேச்சைப் பெரும்பாலும் உணர்ந்தார். ஆனால் 'தான்' என்னும் ஓரசையைத் தவிரப் பெரிதாக எதுவும் பேச இயலாதவராயிருந்தார். அவர் இறந்தபின் ஆய்ந்தபோது இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி அழிந்திருந்தது. மொழியையே உயிராகக் கொண்ட நாம் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். சொல்லின் இருப்பிடம் நாவன்று. விரல் நுழையும் அளவுள்ள மூளைப்பகுதி சிதைந்தால் நாம் கற்ற மொழி நம் வாயைவிட்டு நீங்கும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழையரிடையே, தோல் வெடித்துக் குடல் கெட்டு இறுதியில் அறிவும் திரியும் 'பெல்லாகரா' நோய் பரவியிருந்தது. அதன் வேர் உணவுக் குறையே என்று சோசப்பு கோல்டுபர்கர் நாட்டினார். குறைந்தது நியாசின் என்னும் உயிரூட்டம் என்பது 1937-இல் தெரிந்தது. இளம்பெண்களையே மிகுதியும் தாக்கும் ஒருவகை மூளையழற்சி 2007-இல் இனங்காணப்பட்டது. உடலின் நோயெதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்குவதால், நன்றாயிருந்த பெண் சில நாள்களில் உறக்கமிழந்து, பிதற்றி, முகமும் கைகளும் முறுக்குற்று, வலிப்பும் அடைகின்றாள். பார்ப்போர்க்குப் பேய் பிடித்ததாகவே தோன்றும். உரிய நேரத்தில் மருத்துவம் பெற்றவருட் பலர் மீண்டும் முன்போல் ஆகின்றனர். வேப்பிலையால் அடிபட்டுக் கிடக்கும் நாள் ஒவ்வொன்றும் அவர்க்கு இழப்பே.

ஏர்வாடி

2001 ஆகசுட்டு 6 விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியது. உள்ளநோயாளர் இரும்புத்தளையால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் கருகி மாண்டனர். அதன்பின் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொள்ளப்பட்டனர். உச்ச நயன்மன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு உளநலச் சட்டம் உள்ளநோயாளரை எவ்வகையிலும் தளையிடுதல் கூடாதென்று தடுத்தது.

இதனை ஒரு சமயத்தார்மேல் மட்டும் ஏற்றுவது நேர்மையன்று. குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் இதே நோக்கத்துடன் மக்கள் செல்கின்றனர். ஏர்வாடிக்குச் சென்றோரிலும் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். பேய்க்குச் சமய வேற்றுமை இல்லை. பேயோட்டும் தொழிலுக்கும் இல்லை. அழைத்துச் சென்ற பெற்றோரைக் கொடியர் என்பதும் தகாது. மருத்துவமனை தொலைவில், கையில் காசில்லை, 'பித்தன் வீடு' என்று பெயர்பட்டால் மற்றை மகளுக்கு மணமாகாது என்னும் அச்சம் நெஞ்சில். பேய் என்றால் குற்றம் வெளியிலிருந்து வந்ததாகும். நோய் என்றால் குலத்திற்கே வடுவாகும் என்று குமுகாயம் அவர்களை அஞ்சவைத்துள்ளது. அவ்வச்சத்தை ஆக்கியவர் நாம் அனைவருமே.

'கோயிலில் தங்கியவர்கள் நலமடைந்ததைக் கண்ணாரக் கண்டோமே' என்பார்க்கும் விடை கூறுதல் கடன். அவர்கள் கண்டது பொய்யென்று நான் கூறேன். தென்றமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 உள்ளநோயாளரைப் பெங்களூர் உளநல ஆய்வாளர்கள் ஆய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். சராசரி ஆறு கிழமை தங்கியதில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தணிந்திருந்தன. ஆனால் அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் நடைபெறவில்லை. நோயாளியுடன் உறவினர் தங்கினர். சிறுசிறு கோயிற்பணி செய்தனர். அடியும் தளையும் இல்லை. அச்சமற்ற, அரவணைக்கும் சூழலே நலத்திற்குக் கரணியமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். அஃதாவது, அங்கே வேலை செய்ததும் இயற்கையே. அன்பும் அமைதியும் துணையும் உள்ளத்தைத் தேற்றும். அவற்றைப் பெறுதற்குக் குறியும் கழங்கும் வேண்டுவதில்லை.

எவர் ஆணை?

'அறிவியலார் மட்டும் தவறாதவரோ?' என்பது இறுதி வினா. தவறினர். மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுத்து உள்ளநோயைத் தீர்க்கும் முறையை வகுத்த போர்ச்சுக்கல் நாட்டு மோனிசுக்கு 1949-இல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. பலரின் வாழ்வைக் குலைத்த அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. கைவிடச் செய்தவர் எவர்? மருத்துவரே, நோயாளரின் நிலையை எண்ணிக் கணக்கிட்டோரே. பரிசுபெற்ற நூல் இது, மறுத்தல் ஆகாது என்று அங்கே எவரும் வாயடைக்க இயலவில்லை. அறிவியலின் பெருமை தவறாமையில் இல்லை. தவறு தவறென்று சான்றால் நிறுவப்பட்டபின் அதனை விடுவதில் உள்ளது. பிரமகுத்தர் விடமுடியாமல் நின்ற இடமும் அதுவே.

நம் மரபில் இவ்வுரிமை ஒருகால் தழைத்திருந்தது. மணிமேகலை காப்பியத்தில் பூதவாதி ஒருவன் தோன்றுகின்றான். தாதகிப்பூவும் கட்டியும் சேரக் களிப்பு பிறத்தல்போல, பூதங்கள் கூடுமிடத்து உணர்வு பிறக்கின்றது என்பது அவன் கொள்கை. காப்பியம் செய்த சாத்தனார் புத்த நெறியினர். அவன் கொள்கை அவர்க்கு உடன்பாடன்று. ஆயினும் அவன் வாயை அடைக்கவில்லை. முழுதும் பேசவிட்டு, மணிமேகலை வாயிலாக வினாவால் எதிர்த்தார். இறைப்பற்றுடையாரை இக்கட்டுரை பகைக்கவில்லை. விரும்புவோர் வழிபடுக, நோயுற்ற மகனுக்காக வேண்டிக்கொள்க. ஆயின் நோய் இன்னதென்று சொல்லும் ஆணையை வேலன் கையில் கொடாதீர்.

தமிழ்ப்பற்றாளர்க்கு ஒரு சொல். 'பைத்தியம்' என்னும் அயற்சொல்லை நீக்கினோம், நன்று. ஆனால் 'பேய் பிடித்தது' என்பது தூய தமிழ். சொல் தூயதாயினும் கருத்து அழுக்காயின் என்ன பயன்? மொழியைத் தூய்மை செய்யப் புறப்பட்டோர் எண்ணத்தையும் தூய்மை செய்தல் வேண்டும். இல்லையேல் நம் பணி பாதிப்பணியே.

செய்ய வேண்டுவன சிலவே. உள்ளம் திரிந்தோரைக் கண்டால் முதலில் அரசு மருத்துவமனையின் உளநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அண்மையில் மருத்துவர் இலராயின், 2022 முதல் நடந்துவரும் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைப்பேசி வழியே தமிழிலேயே அறிவுரை பெறுக. வலிப்பு வந்தவர்க்குச் சாவியைத் தேடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்துக் காத்திருக்க. ஐந்து மணித்துளிக்கு மேல் நீடிப்பின் மருத்துவமனைக்கு விரைக. தளையிட்டு வைத்திருப்பதைக் கண்டால் அதிகாரிகட்கு அறிவிக்க, அது சட்டக்குற்றம். ஆசிரியப் பெருமக்கள் வெறிப்பத்தை நடத்தும்போது துறைவிளக்கத்தோடு நின்றுவிடாது, தோழி ஏன் நகைத்தாள் என்று பிள்ளைகளை வினவுக. அடுத்த வான்மறைப்பின்போது, வெறுங்கண்ணால் நோக்காவாறு தக்க காப்புக் கண்ணாடி தந்து, அவர்களை முற்றத்திற்கு அழைத்து வருக. சூலுற்ற தங்கையும் உடன் வந்து பார்க்கட்டும்.